அச்சிற்றுயிர் நம்மிடம் அன்பு கொள்கிறதா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத்தில் வந்தனையும் பஞ்சசீலமும் ஓதி முடித்து, வந்திருந்தோர் அனைவரும் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்தோம். அவ்வேளையில் அன்பரின் ஒன்பது வயது மகள், ஆள்காட்டி விரலில் துணிக்கட்டுடன் நம் அருகே வந்து நின்றாள். அவள் வளர்க்கும் ஹாம்ஸ்டர் முதல் நாள் மாலை கடித்துவிட்டது. பெயர் முத்து. எலியினத்தைச் சேர்ந்த, உள்ளங்கையில் அடங்கக்கூடிய, வால் இருக்கிறதோ இல்லையோ என்று ஐயுறத்தக்க அளவு குறுகிய வாலையுடைய, பொன்னிற மயிர் போர்த்த பிராணி அது.

"தாத்தா, நான்தான் தினமும் அதற்கு விதை வைக்கிறேன். நான்தான் தண்ணீர் மாற்றுகிறேன். என்னையே கடித்துவிட்டது. அதற்கு என்னைப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டாள்.

கூடியிருந்தோர் ஆளுக்கொன்று கூறினர். நன்றி கெட்ட பிராணி, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் தந்தை. எலிக்கு என்ன அன்பு, என்ன வன்பு என்று நகைத்தார் மற்றொருவர். குழந்தையின் கண்களில் நீர் தளும்பியதைக் கண்ட நாம், "அதற்கு உன்னை மிகவும் பிடிக்கும் அம்மா, தெரியாமல் கடித்துவிட்டது" என்று கூறி அவளைத் தேற்றினோம். அவளும் தெளிந்து சென்றாள்.

வீடு திரும்பும் வழியில்தான் அச்சொல் நம் உள்ளத்தை உறுத்தலாயிற்று. பொய் சொல்லாமை என்னும் நான்காம் சீலத்தை ஓதி ஒரு நாழிகை கழியவில்லை. அதற்குள் நாம் அறியாத ஒன்றை அறிந்தவர்போல் ஒரு குழந்தையிடம் கூறிவிட்டோம். அப்பிராணிக்கு அவளைப் பிடிக்கும் என்பதற்கு நம்மிடம் என்ன சான்று இருந்தது? பிடிக்காது என்பதற்குத்தான் அதன் தந்தையிடம் என்ன சான்று இருந்தது? குழந்தையை ஆற்றுவதற்காகக் கூறியதுதானே என்று நம்மை நாமே மன்னித்துக்கொள்ள முயன்றோம், இயலவில்லை. ஆகவே சில நாட்கள் இவ்வுயிரைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தோம். படித்ததையும், படித்தபின் நம் மனத்தில் எழுந்ததையும் ஈண்டு எழுதுகிறோம்.

முதற்கண் இவ்வுயிர் எங்கிருந்து வந்தது என்பதை அறிதல் வேண்டும். ஏனெனில் கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே இறப்பதைக் காணும் நாம், கூண்டே இதன் ஊர் என்று எண்ணிவிடுகிறோம். இதன் ஊர் சிரியா நாட்டில் அலெப்போ நகரைச் சூழ்ந்த மேட்டுச் சமவெளி. 1839-ஆம் ஆண்டு ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் இதற்கு அறிவியற் பெயரிட்டார். அதன்பின் நெடுங்காலம் உலகம் இதைப் பெரும்பாலும் மறந்தே இருந்தது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி, அலெப்போ அருகே ஒரு கோதுமை வயலைத் தோண்டச் செய்தார். எட்டடி ஆழத்தில் ஒரு தாயும் பதினொரு குட்டிகளும் அகப்பட்டன. அவற்றைப் பெட்டியில் இட்டவுடன், தாய் தன்னை அணுகிவந்த முதற் குட்டியின் தலையைக் கடித்துக் கொன்றது. எஞ்சிய குட்டிகளையும் கொன்றுவிடும் என்று அஞ்சி அத்தாயைச் சயனைடு நஞ்சிட்டுக் கொன்றனர். கண்ணும் திறவாத குட்டிகளை அஹரோனியும் அவர் மனைவியும் கையால் பாலூட்டி வளர்த்தனர். சில தப்பி ஓடின, சில மாண்டன. மிஞ்சிய மிகச் சிலவற்றுள் உடன்பிறந்த ஆணும் பெண்ணும் இணைந்து ஈன்றவற்றின் வழியில் வந்தவையே இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிலும் வீடுகளிலும் இருக்கும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள் ஏறத்தாழ அனைத்தும். பெங்களூரில் ஒரு மாடிவீட்டின் கூடத்தில் இருக்கும் முத்துவும் அத்தாயின் கொடிவழியே ஆதல் வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு அதைத் தோண்டியெடுத்தது ஏன்? குழந்தைகள் விளையாடுவதற்கன்று. ஸால் அட்லர் என்னும் ஒட்டுண்ணி ஆராய்ச்சியாளருக்கு, காலா அசார் என்னும் கொடுநோயை ஆராய்வதற்குக் கூண்டில் இனம்பெருக்கும் ஒரு சிறு பிராணி தேவைப்பட்டது. முன்னர்ப் பயன்படுத்திய சீன ஹாம்ஸ்டர் கூண்டில் எளிதில் ஈனவில்லை. காலா அசார் என்ற பெயரே நம் நாட்டுப் பெயர். வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் பீகாரிலும் ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போன காய்ச்சல் அது. அந்நோயின் கிருமியை 1903-ஆம் ஆண்டு கண்டறிந்த இருவருள் ஒருவரான சார்லஸ் டோனவன், அதனைக் கண்டது நம் சென்னைப் பெரிய மருத்துவமனையில். ஆகவே அலெப்போவின் அவ்வளைக்கும் நமக்கும் தொடர்பே இல்லையென்று கூறிவிட முடியாது. 1931-இல் அட்லர் சில ஹாம்ஸ்டர்களைத் தம் கோட்டுப் பைகளில் வைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார் என்பர். அங்கிருந்து ஆய்வுக்கூடங்களுக்கும், பின்னர்க் கடைகளுக்கும், பின்னர் வீடுகளுக்கும் இவ்வினம் பரவியது.

அத்தாயைப் பற்றி ஒரு சொல். "தன் குட்டியைத் தானே தின்னும் கொடிய பிராணி" என்று ஹாம்ஸ்டரை இழித்துரைப்பார் உண்டு. அலெப்போவில் நிகழ்ந்ததை அதற்குச் சான்றாகவும் காட்டுவர். எட்டடி மண்ணுக்கடியில், தான் உண்டாக்கிய இருளில், பதினொரு குட்டிகளுடன் கிடந்த உயிரை மண்வெட்டியால் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டபின், அது செய்ததைக் கொண்டு அதன் தாய்மையை அளப்பது எந்த நியாயம் என்று நமக்கு விளங்கவில்லை. இன்றும் ஈன்ற சில நாட்களுக்குள் கூட்டைக் கலைத்தாலும், குட்டிகளைக் கையால் தொட்டாலும் தாய் அவற்றைக் கொன்றுவிடக்கூடும். பதினாறு நாட்களே கருச்சுமந்து ஈனும் இனம் அது. தோண்டியவனின் செயலைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, தோண்டப்பட்டதன் செயலை மட்டும் எழுதிவைப்பது மனிதரின் பழைய வழக்கம்.

இனி முத்துவின் கடிக்கு வருவோம். 1999-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் சிரியாவுக்குச் சென்று, வயல்களிடையே ஹாம்ஸ்டர் வளைகளை அளந்தனர். வளைகளின் ஆழம் சராசரியாக 65 சென்டிமீட்டர். ஒரு வளையிலேனும் வளர்ந்த உயிர் இரண்டு சேர்ந்து வாழ்ந்ததாகக் காணவில்லை. ஒவ்வொன்றும் தனியே வாழ்ந்தது. இணையும் பொழுது மட்டும் ஆணும் பெண்ணும் சந்திக்கும்; உடனே பிரியும். குட்டிகளும் சில வாரங்களில் தாயை விட்டு நீங்கும். நாய் கூட்டமாக வாழும் இனம். தலைவனையும் தோழனையும் தேடும் இயல்பு அதன் குருதியிலேயே உண்டு. அவ்வியல்பை மனிதன்பால் திருப்பிக்கொள்ள ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நாய்க்குக் கிடைத்தன. ஹாம்ஸ்டருக்குத் தன் இனத்திலேயே தோழன் இல்லை. மனிதனோடு அதன் பழக்கமோ நூறாண்டுகூட நிரம்பாதது. இரண்டை ஒரே கூண்டில் இட்டால் துணையாக இருக்குமென்று எண்ணி, அவை ஒன்றையொன்று கடித்துக் கிழித்து ஒன்று மாண்டு கிடப்பதைக் காலையில் காண்பவர்கள் இன்றும் உள்ளனர். குள்ள வகைகளுள் சில இவ்வளவு கடுமையானவையல்ல. பொன்னிற வகையோ இதில் இணங்குவதே இல்லை.

அதன் கண் வலிமை குன்றியது. அதன் உலகம் மோப்பத்தால் ஆனது. தன் இனத்துள் இன்னது இன்னதென்று ஒவ்வொன்றையும் மணத்தாலேயே பிரித்தறிகிறது. விலாப்புறத்திலுள்ள சுரப்பிகளால் தான் நடமாடும் இடமெல்லாம் தன் மணத்தைத் தேய்த்து வைக்கிறது. அதற்கு மேலிருந்து வருவது எதுவும் நல்லதன்று. பருந்தும் ஆந்தையும் மேலிருந்தே வரும். இப்பொழுது நம் குழந்தை என்ன செய்தாள் என்பதைப் பின்னர்க் கேட்டறிந்தோம். பள்ளியிலிருந்து நான்கு மணிக்கு வந்தாள். அப்பொழுது முத்து ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தது. நெய்முறுக்குத் தின்ற கையைக் கழுவாமல், கூண்டின் மேற்கதவைத் திறந்து, மேலிருந்து கையை இறக்கி, உறங்கும் உயிரைப் பற்றினாள். உறக்கத்தின் நடுவே வானத்திலிருந்து ஒரு கால் இறங்கித் தன்னைக் கவ்வுகிறது, அக்காலோ நெய்யும் மாவுமாய் மணக்கிறது என்றால், அவ்வுயிர் வேறென்ன செய்யும்? நன்றி, நன்றியின்மை என்னும் சொற்கள் நுழைவதற்கு அங்கே இடமே இல்லை. முத்துவுக்கு அது அவள் கை என்றே தெரிந்திராது.

கடியாவது எளிதில் விளங்கிவிடுகிறது. அன்பென்று நாம் கொள்ளும் குறிகளே மிகுதியும் நம்மை ஏமாற்றுகின்றன. அன்பரின் இல்லத்தார் அனைவரும் ஒருமனதாகக் கூறிய ஒரு செய்தி உண்டு: முன்னெல்லாம் முத்து குழந்தையின் கையில் அசையாமல் அமைதியாகப் படுத்திருக்கும் என்பது. படித்தபின் அது நமக்கு வேறாகத் தோன்றிற்று. அச்சம் மேலிட்ட சிற்றுயிர் உறைந்து நிற்கும். அசையாதிருப்பதே அதற்குள்ள கடைசிக் காப்பு. கையிலெடுத்தவுடன் வாய் திறந்து கொட்டாவி விடுவதைக் கண்டு, சுகமாக இருக்கிறது போலும் என்கிறோம். அது மனக்கலக்கத்தின் குறியாகவும் இருத்தல் கூடும். பின்னங்கால்களில் எழுந்து நிற்பதைக் கும்பிடுகிறது என்று கூறிக் கைப்பேசியில் படமெடுத்து உற்றாருக்கெல்லாம் அனுப்புகிறோம். அஃது ஏதோ ஓசை கேட்டுத் திகைத்து நிற்கிறது. இரவெல்லாம் கூண்டுக் கம்பியைக் கடிப்பதை, நம்மை அழைக்கிறது என்று கொள்கிறோம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தார், 10 சென்டிமீட்டர், 40 சென்டிமீட்டர், 80 சென்டிமீட்டர் என மூவகை ஆழத்தில் மரச்சீவல் பரப்பிய கூண்டுகளில் ஹாம்ஸ்டர்களை வைத்துப் பார்த்து, 2006-ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். 10 சென்டிமீட்டர் மட்டும் பெற்றவை கம்பியை மிகுதியாகக் கடித்தன. தோண்டி வளை செய்ய ஆழம் பெற்றவை அச்செயலைப் பெரும்பாலும் விட்டொழித்தன. கடைகளில் விற்கும் கூண்டின் தட்டில் நான்கு விரற்கடை சீவல்கூட நில்லாது. ஆகவே கம்பியைக் கடிக்கும் ஹாம்ஸ்டர் யாரையும் அழைக்கவில்லை. தோண்ட மண் இன்றிப் பல்லால் கம்பியைத் தோண்டுகிறது என்றே கொள்ளலாம்.

சக்கரத்தில் ஓடுவதும் இத்தகைய பித்தே என்று நாம் முதலில் முடிவு கட்டினோம்; அது தவறு. நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து ஆராய்ச்சியாளர் சிலர் வெட்டவெளியில் ஒரு சக்கரத்தை வைத்துவிட்டு விலகிக்கொண்டனர். யாரும் அடைத்துவைக்காத சுண்டெலிகள் தாமாகவே வந்து, ஏறி, ஓடிவிட்டுச் சென்றன. தவளைகூட ஏறிப் பார்த்தது என்று 2014-இல் எழுதினர். ஆக, ஓர் இரவில் பல கிலோமீட்டர் ஓடும் ஹாம்ஸ்டருக்கு ஓட்டத்தில் ஏதோ இன்பம் இருத்தல் கூடும். இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. துன்பம் அல்லாதவிடத்திலும் துன்பத்தைக் கற்பிப்பது, அன்பு அல்லாதவிடத்தில் அன்பைக் கற்பிப்பதற்கு உடன்பிறந்த பிழை. இரண்டிலும் நாம் அவ்வுயிரைப் பார்க்கவில்லை. நம் மனத்தைப் பார்க்கிறோம்.

மற்றொன்றும் நம்மைத் திகைக்க வைத்தது. ஹாம்ஸ்டர் இரவில் விழித்துப் பகலில் உறங்கும் பிராணி என்பது கூண்டில் வைத்துக் கண்ட அனைவரும் அறிந்தது. ஆனால் துருக்கியின் தென்பகுதியில் காட்டு ஹாம்ஸ்டர்களைத் தொடர்ந்து நோக்கியவர்கள், பெண் ஹாம்ஸ்டர்கள் பகல் வெளிச்சத்திலேயே வளையைவிட்டு வெளிவந்து திரிந்ததைக் கண்டு 2008-இல் வெளியிட்டனர். எந்நாளும் கூண்டில் கண்டதையே இயற்கை என்று எழுதி வந்த அறிஞர்களும் ஏமாந்தனர். அடைபட்ட ஓர் உயிர் அடைபட்டவிடத்தில் நடந்துகொள்ளும் முறையை, அதன் பிறவிக்குணம் என்று கொள்வது எவ்வளவு எளிது பாருங்கள்!

இவ்விடத்தில் நம் வாசகர்களுக்கு மட்டும் ஒன்று கூற விரும்புகிறோம். மனிதரை விலங்கோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. அவ்வாறு ஒப்பிட்டவர்கள் யார் என்பதை நாம் மறந்துவிடவும் இல்லை. நாம் கூறுவது பார்ப்பவரின் கண்ணைப் பற்றி. நம் பாட்டன்மார் பண்ணைவீட்டு வாயிலில் துண்டை இடுப்பில் கட்டி, வாய்பொத்தி, அசையாமல் நின்றனர். மேலே நின்றவர் அதைக் கண்டு, இவன் விசுவாசமுள்ளவன், இவனுக்குக் குறையொன்றும் இல்லை என்றார். உண்மையிலேயே அவர் அவ்வாறு நம்பியும் இருப்பார். என்றேனும் ஒருவன் நிமிர்ந்து ஒரு சொல் சொன்னால், சோறிட்ட கையைக் கடித்தான் என்றனர். நம் பாட்டன்மார் தம் உள்ளத்தில் இருந்ததைப் பிற்காலத்தில் பேசவும் எழுதவும் வல்லவராயினர். அக்கண்ணின் பிழை வெளிப்பட்டது. ஹாம்ஸ்டர் என்றும் எழுதப்போவதில்லை. அடங்கி நிற்பதை அன்பென்றும், எதிர்ப்பதை நன்றிக்கேடு என்றும் படிக்கும் அக்கண், சோறிடும் கை நம்முடையதாக ஆனவுடனே, நமக்கும் எவ்வளவு எளிதில் வந்துவிடுகிறது! நாம் அன்று குழந்தையிடம் கூறிய பொய்யும் அக்கண்ணால் கண்டதே. பிடிக்கும் என்றோம், ஏனெனில் பிடிக்கவேண்டும் என்று நாம் விரும்பினோம்.

அவ்வாறாயின் ஹாம்ஸ்டர் தன்னை வளர்ப்பவரை எவ்விதத்திலும் அறியாதா? அறியும். பொறுமையோடு பழகுபவரின் கை மணத்தை அது காலப்போக்கில் தெரிந்துகொள்கிறது, அம்மணத்தால் தீங்கு வருவதில்லை என்று கற்கிறது, அஞ்சாமல் அணுகுகிறது, விதையை வாங்கிக் கன்னப்பையில் அடக்கிக்கொள்கிறது, சில வேளை கையின்மேலேயே ஏறி, அதை நிலத்தின் ஒரு மேடாகக் கருதினாற்போல் கடந்து செல்கிறது. இதற்கு அன்பு என்று பெயரிடலாமா? நாம் பெயரிடத் துணியவில்லை. அதன் உள்ளத்தில் நிகழ்வது நமக்குத் தெரியாது. தனித்து வாழும் ஓர் உயிர், உலகிலுள்ள அனைத்துக்கும் அஞ்சும் ஓர் உயிர், ஒன்றற்கு மட்டும் அஞ்சாதிருக்கிறது என்பதுவரையில்தான் நாம் உறுதியாகச் சொல்லலாம். அது சிறிய பேறு என்று யாரேனும் கூறினால், அவர் அச்சத்தில் வாழ்ந்தறியாதவர்.

புத்தகோஷர் தம் விசுத்திமார்க்கத்தில் மைத்திரிக்கு இரு பகைகள் உண்டென்று விளக்குகிறார். வெறுப்பு தொலைவிலுள்ள பகை. அது மலைமறைவில் பதுங்கியவனைப் போன்றது. பற்று அண்மையிலுள்ள பகை. அது நம்மோடு ஒட்டியே நடக்கும் பகைவனைப் போன்றது. அன்புக்கு நெருங்கிய உருவம் உடையதாதலின் அதனை அடையாளங் காண்பது அரிது. அவர் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர் என்பதற்கு அவர் உரையிலேயே குறிப்பு உண்டு. வளர்ப்பு உயிர்களிடம் நாம் வைப்பது இவ்விரண்டனுள் எது என்பதைச் சோதிக்க ஹாம்ஸ்டரைவிடத் தக்க உயிர் இல்லையென்று நமக்குப் படுகிறது. நாயை நேசித்தால் அது வாலாட்டும். நாம் கொடுத்தது உடனே நமக்குத் திரும்பி வருகிறது. மைத்திரியா, கொள்வினை கொடுப்பினையா என்று பிரித்தறிய வழியில்லை. ஹாம்ஸ்டரோ ஒன்றும் திருப்பித் தருவதில்லை. அதனிடம் ஒருவர் காட்டும் பரிவு, பதிலை எதிர்பார்த்தால் இரண்டு வாரத்தில் சலித்துவிடும். கூண்டு அடுக்களைக்குப் பின்புறம் நகர்த்தப்படும். பின்னர் எவரும் அதை நினையார். நம் அன்பர் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கூறியதன் பொருளும் இதுவே. பண்டம் குறையுடையது, அன்பு தரவில்லை என்பது அதன் கருத்து.

இனி, கடினமான வினாவைத் தவிர்த்துவிட்டுப் போவது முறையன்று. இத்தகைய உயிரை வீட்டில் வளர்க்கலாமா? நம் சங்கத்துள்ளேயே இருவேறு கருத்துகள் எழுந்தன. அடைத்துவைத்தல் அடிமைப்படுத்தல், உடனே திறந்துவிட வேண்டும் என்றனர் இளைஞர் சிலர். அவர்கள் உள்ளம் நல்லது. ஆனால் பெங்களூரில் ஒரு தெருவில் முத்துவைத் திறந்துவிட்டால், பூனையோ காகமோ பருந்தோ ஒரு நாளுக்குள் அதை முடித்துவிடும். அலெப்போவின் வயல் அதற்கு இனி இல்லை. அங்கேயே அவ்வினம் பயிரழிக்கும் பகையென்று உழவரால் கொல்லப்பட்டு அருகி வருகிறது. விடுதலை என்னும் பெயரால் அதைச் சாவுக்கு அனுப்புவது நம் மனச்சான்றைக் கழுவிக்கொள்ளும் வழியேயன்றி வேறில்லை. மற்றொரு சாரார், இரண்டு அல்லது மூன்று ஆண்டே வாழும் பிராணி, வேளைக்கு உணவும் பகையில்லாத இடமும் பெறுகிறது, இதிலென்ன தீங்கு என்றனர். அது பழைய பண்ணைவீட்டு வாதம். அதற்கு விடை மேலே கூறிவிட்டோம்.

நம் கருத்து இது. புதிதாக விலைகொடுத்து வாங்குதல் வேண்டாம். ஒன்றை வாங்குவது மேலும் பத்து ஈனச் செய்வதற்கு விடுக்கும் ஆணை. நம் நாட்டில் வளர்ப்புயிர்க் கடைகளுக்கு 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த விதிகளுள் ஹாம்ஸ்டரும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் சந்தைக்குப் போய்ப் பார்த்தவர்க்கு, ஒரு கையகலக் கூண்டில் பல உயிர்கள் நெருக்குண்டு கிடப்பது புதிதன்று. ஏற்கனவே வீட்டில் உள்ளதையும், பிறர் கைவிட்டதையும், அதன் சாவுவரை அதற்கு ஏற்றபடி வைத்துக் காப்பதே வழி. 2022-ஆம் ஆண்டு சனவரியில் ஹாங்காங் நகரில், ஒரு கடையின் ஹாம்ஸ்டர்களிடம் கோவிட் தொற்று காணப்பட்டதால், அங்கு சுமார் இரண்டாயிரம் சிற்றுயிர்களைக் கொல்ல அரசு ஆணையிட்டது. அண்மையில் வாங்கியவர்களும் கொண்டுவந்து ஒப்படைக்கப் பணிக்கப்பட்டனர். அப்பொழுது, அவற்றைத் தாம் ஏற்று மறைத்துக் காப்பதாகப் பலர் முன்வந்தனர். அரசின் அச்சத்தையும் நாம் எளிதாகக் குறைகூற மாட்டோம். நோயின் கொடுமையை நாமும் கண்டவர்களே. ஆயின் கையில் கிடந்து கடிக்கும் உயிருக்காகக் கதவைத் திறந்துவைத்த அம்முகமறியாதவர்களை நினைக்கும்பொழுது நம் உள்ளம் அவர்கள்பாலே செல்கிறது.

காலா அசாரின் கணக்கு மட்டும் நமக்குத் தீரவில்லை. அவ்வாய்வுகளால் உயிர்பிழைத்த ஏழைக் குடிகளுள் நம்மவரும் இருந்திருப்பர். ஆய்வுக்கூடத்து ஹாம்ஸ்டரை எண்ணி இரங்கிவிட்டு, அதனால் வந்த மருந்தறிவை வேண்டாமென்று கூற நமக்கு வாய் வரவில்லை. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சமன்செய்யும் துலாக்கோல் நம்மிடம் இல்லை. பட்ட கடன் பட்டதே.

இவ்வளவும் எண்ணியபின் மறு ஞாயிறு அன்பரின் இல்லத்துக்குச் சென்று, குழந்தையை அருகே அழைத்து, சென்ற வாரம் தாத்தா சொன்னது தெரியாமல் சொன்னது என்றும், முத்துவுக்கு அவளைப் பிடிக்குமா பிடிக்காதா என்பது தாத்தாவுக்குத் தெரியாது என்றும் கூறினோம். அவள் சிறிது நேரம் நம் முகத்தையே பார்த்தாள். பின்னர், "அப்படியானால் யாருக்குத் தெரியும்?" என்றாள். யாருக்கும் தெரியாது என்றோம். அவள் அழவில்லை.

அன்பர் பெரிய மனம் படைத்தவர். கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் பேச்சை விட்டொழித்து, பழைய மரப்பெட்டி ஒன்றைத் தச்சரிடம் கொடுத்து உயர்த்திச் செய்வித்து, கூடத்தின் வெயில்படாத மூலையில் வைத்தார். அதில் முழங்கை ஆழத்துக்கு மணமற்ற மரச்சீவல் நிரப்பினர். முத்து அதற்குள் புகுந்த பின் மூன்று நாட்கள் கண்ணிலேயே படவில்லை. இறந்துவிட்டதோ என்று வீட்டார் அஞ்சினர். கிண்ணத்தில் வைத்த விதை மட்டும் காலையில் காணாமற் போயிருந்தது. நாள்தோறும் இரவு எட்டரை மணிக்கு, கையைச் சோப்பில்லாமல் வெறுந்தண்ணீரில் கழுவிக்கொண்டு, பக்கவாட்டுக் கதவின் வழியே உள்ளங்கையைத் தரையோடு நீட்டி, அதில் ஒரு சூரியகாந்தி விதையை வைத்து, பத்து நிமிடம் அசையாமல் இருக்கவேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லியிருந்தோம். ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பத்து நிமிடம் என்பது பெருந்தவம்.

பத்தொன்பதாம் இரவு நாமும் அங்கிருந்தோம். சீவல் சிறிது அசைந்தது. மூக்கு முதலில் வந்தது. வெகுநேரம் அவள் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. கட்டு அவிழ்த்த தழும்பையும் முகர்ந்தது. விதையைக் கவ்விக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்த வழியே உள்ளே சென்றுவிட்டது. அவள் தொட முயலவில்லை.

"இவ்வளவுதானா அம்மா?" என்றார் தந்தை.

"இவ்வளவுதான் அப்பா" என்று கூறி, கதவைச் சாத்திவிட்டுக் கைகழுவச் சென்றாள்.